லைட் மெட்ரோ என்றால் என்ன? ஒரு மேட்டு நகரத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்

ஜெனீவா ஏரியின் வடகரையில் லோசான் என்று ஒரு சுவிஸ் நகரம் இருக்கிறது. நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். மக்கள்தொகையில் நம் தஞ்சாவூரைவிடச் சின்ன ஊர். அந்த ஊரில் 2008 முதல் ஓட்டுநரே இல்லாத மெட்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது. மெட்ரோ என்றாலே பெருநகரத்துக்குத்தான் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எப்படி முடிந்தது என்று படிக்கப் படிக்க, லைட் மெட்ரோ என்ற ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரு ஊரிலேயே தெளிவாகத் தெரிவதைக் கண்டேன். அதனால் ஊரை முன்னால் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்கிறேன்.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதில் வரும் "லைட்" வண்டியின் எடையைக் குறிப்பதல்ல. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேரை ஏற்றிச் செல்ல முடியும் என்பதைக் குறிப்பது. பெரிய மெட்ரோ ஒன்று மணிக்கு 40,000, 50,000 பேரைக்கூட ஏற்றிச் செல்லும். லைட் மெட்ரோ அதில் சிறு பங்கைத்தான் ஏற்றும். அவ்வளவுதான் "லைட்".

சரி, அப்படியானால் டிராமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாதையைப் பார்த்தால் போதும். டிராம் தெருவில் ஓடுகிறது. சிக்னலில் நிற்கும், குறுக்கே கார் வரும், ஆள் நடப்பார். மெட்ரோவின் பாதையில் யாரும் எதுவும் குறுக்கே வர முடியாது. சுரங்கமோ, பாலமோ, வேலி போட்ட தனிப்பாதையோ, அது ரயிலுக்கு மட்டுமே. லைட் மெட்ரோவுக்கு வண்டி டிராம் அளவு, பாதை மெட்ரோவுடையது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

சின்ன வண்டியால் எப்படிக் கட்டுப்படியாகிறது?

மெட்ரோ கட்டும் செலவில் பெரும்பங்கைத் தின்பவை நிலத்தடி நிலையங்கள். நிலையம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை ரயிலின் நீளம் முடிவு செய்கிறது. ஆறு பெட்டி ரயிலுக்கு நூறு மீட்டர் அளவுக்கு நடைமேடை வேண்டும். அதற்கு அவ்வளவு பெரிய பள்ளம் தோண்ட வேண்டும், அவ்வளவு பெரிய இடம் மேலே காலியாக வேண்டும். ரயிலை முப்பது மீட்டராகக் குறைத்தால் பள்ளமும் குறைகிறது. பழைய ஊர்களின் நெருக்கமான தெருக்களுக்கு அடியிலும் நிலையத்தைச் செருகிவிடலாம்.

ஆனால் சின்ன ரயில் குறைந்த பேரைத்தான் ஏற்றும். அதை ஈடுகட்ட ஒரே வழி, அடிக்கடி விடுவது. 200 பேர் ஏறும் ரயிலைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 1,200 பேர். அதே ரயிலை மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 4,000 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6,000 பேர். ஒரே வண்டி, ஒரே நடைமேடை. இடைவெளி மட்டும்தான் மாறியிருக்கிறது. பயணிக்கும் இது லாபம். கால அட்டவணை பார்க்கவே தேவையில்லை, போனால் ரயில் வந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அடிக்கடி விட வேண்டுமானால் நிறைய ரயில் வேண்டும், நிறைய ஓட்டுநர்கள் வேண்டும். பெரிய ரயிலில் ஓர் ஓட்டுநர் ஆயிரம் பேரைக் கொண்டுபோகிறார், சின்ன ரயிலில் இருநூறு பேரை. ஆள் செலவு எகிறிவிடும். இந்த முடிச்சை முதலில் அவிழ்த்துக் காட்டியது பிரான்சின் லீல் நகரம். அங்கே 1983-ல் 26 மீட்டர் நீளமுள்ள, ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் கூடினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்னொரு ரயிலைச் சேர்த்து விட்டுவிடலாம். ஆளைத் தேடி ஓட வேண்டாம். பிறகு பிரான்சின் ரென் நகரமும் அதே வழியில் 2002-ல் மெட்ரோ கட்டிக்கொண்டது. ரென் நகரில் சுமார் 2 லட்சம் பேர். உலகில் மெட்ரோ உள்ள மிகச் சிறிய நகரங்களில் ஒன்று என்று அதற்குப் பெயர் கிடைத்தது. ஆறு ஆண்டு கழித்து அதைவிடச் சின்ன ஊரான லோசானும் மெட்ரோ விட்டது.

ஏரிக்கரையிலிருந்து மேட்டுக்கு

லோசானுக்கு மெட்ரோ தேவைப்பட்டதற்குக் கூட்டம் மட்டும் காரணமல்ல. ஊர் அமைந்திருக்கும் சரிவுதான் பெரிய காரணம். ஏரிக்கரையில் ஊஷி என்ற படகுத்துறை, கடல் மட்டத்திலிருந்து 373 மீட்டரில். ஊரின் மேல் விளிம்பான எப்பலாஞ்சில் மெட்ரோவின் கடைசி நிலையம் 711 மீட்டரில். ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 338 மீட்டர் ஏற்றம். நடுவில் பள்ளத்தாக்குகள், அவற்றின் குறுக்கே பாலங்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் படியேறித்தான் போக வேண்டும். சாலைகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன, பேருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். நேராக மேலே ஏற ஒரு வழி வேண்டும் என்பது 150 ஆண்டுகளாக அந்த ஊரின் கவலை.

முதல் விடை 1877-ல் வந்தது. பழனி மலையில் விஞ்ச் பார்த்திருப்பீர்கள். கம்பிவடத்தின் இரண்டு முனைகளிலும் பெட்டிகள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். அதே ஏற்பாடுதான் ஊஷியிலிருந்து ஊரின் நடுவே உள்ள ஃப்ளோன் பள்ளத்தாக்கு வரை, சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு. சுவிட்சர்லாந்தின் முதல் கம்பிவட ரயில் அதுதான். அதை இழுத்தது தண்ணீர். பிரெ என்ற சின்ன ஏரியிலிருந்து குழாயில் கொண்டுவந்த தண்ணீர் சுழலிகளைச் சுற்ற, அவை வடத்தைச் சுற்றின. அந்தக் கம்பெனி ரயிலோடு சேர்த்து ஊருக்குக் குடிநீரும் வழங்கியது. கம்பெனியின் பெயரிலேயே ரயிலும் இருந்தது, பிரெ ஏரித் தண்ணீரும் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக "லா ஃபிசெல்" என்றார்கள். பிரெஞ்சில் கயிறு என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். வடத்தை எடுத்துவிட்டு வேறு ரயில் விட்ட பிறகும் அந்த ஊர் அதைக் கயிறு என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வேறு ரயில் 1958-ல் வந்தது. வடத்துக்குப் பதில் பல்சக்கரம். தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை போட்ட இரும்புச் சட்டம் கிடக்கும். ரயிலுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் பதிந்து பதிந்து ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கும் இதே கொள்கைதான். நீலகிரியில் இருப்பது சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் உருவாக்கிய முறை. அதன் புகழ்பெற்ற எக்ஸ் வகை நீராவி என்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. மலையேறும் ரயில் அந்த நாட்டுக்குக் கைவந்த கலை.

பல்சக்கரம் பத்திரமானது. ஆனால் வேகம் கிடைக்காது. ஃப்ளோன் வரை வந்து நின்றுவிடும் அந்த ரயிலால் மேட்டில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ அதற்கும் மேலே வளர்ந்த குடியிருப்புகளுக்கோ பயனில்லை. ஊர் மேலே மேலே வளர்ந்துகொண்டிருந்தது. டிராம் வண்டிகளை 1964-லேயே நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவை பேருந்துகளும், மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலி பஸ்களும்.

இதற்கிடையில் ஊரின் மேற்கே இன்னொரு பாதை வந்தது. பல்கலைக்கழகமும் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் 1970-களிலிருந்து ஊருக்கு வெளியே ஏரியோரத்துக்கு இடம் மாறின. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் போக வர வேண்டும். அவர்களுக்காக 1991-ல் ஃப்ளோனிலிருந்து ரெனான் வரை 7.8 கிலோமீட்டருக்கு ஒரு மின்ரயில் விட்டார்கள். இப்போது அதன் பெயர் எம்1. பெயரில் மெட்ரோ இருந்தாலும், மேலே சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தால் இது மெட்ரோ ஆகாது. ஓட்டுநர் உண்டு, சில இடங்களில் சாலை குறுக்கிடுகிறது, பெரும்பகுதி ஒற்றைத் தடம். இதை இலகு ரயில் என்று சொல்வதே சரி. மெட்ரோ என்ற பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாமல் பாதையைப் பாருங்கள் என்பதற்கு ஒரே ஊரில் இரண்டு உதாரணங்கள் கிடைப்பது அபூர்வம்.

டயரில் ஏறும் ரயில்

எம்2 என்ற உண்மையான மெட்ரோவின் கதை, பழைய கயிற்றுப் பாதையை விரித்துக் கட்டிய கதை. ஊஷியிலிருந்து ஃப்ளோன் வரை பழைய வழியையே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து மேலே எப்பலாஞ்ச் வரை புதிதாகத் தோண்டினார்கள். மொத்தம் 5.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள். ஊரின் மெட்ரோவுக்காக வோ கன்டோன் முழுவதும், அதாவது அந்த மாநிலம் முழுவதும் 2002 நவம்பரில் வாக்களித்தது. திராட்சைத் தோட்டக்காரரும் மலைக் கிராமத்துக்காரரும் லோசான் ரயிலுக்குப் பணம் ஒதுக்கலாமா என்று வாக்குப் போட்டுச் சொன்னார்கள். வேண்டும் என்றே பெரும்பான்மை சொன்னது. ஒரு பொதுப்போக்குவரத்துத் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது என்பது என் எண்ணம்.

சரிவைச் சமாளித்த விதம்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. சாதாரண மெட்ரோ 3, 4 சதவீதச் சரிவோடு நிறுத்திக்கொள்ளும். அதாவது நூறு மீட்டர் போனால் மூன்று, நான்கு மீட்டர் ஏறும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தாக ஏறினால் சக்கரம் வழுக்கும், இறங்கும்போது நிறுத்துவதும் கஷ்டம். நீலகிரி ரயிலில் பல்சக்கரம் வேலை செய்யும் பகுதியின் சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். எம்2-வின் மிகச் செங்குத்தான இடமோ 12 சதவீதம். நீலகிரியைவிடச் செங்குத்து. ஆனால் பல்சக்கரம் இல்லை.

ரப்பர் டயர்தான் காரணம். பாரிஸ் மெட்ரோவின் சில தடங்களில் ரயில்கள் லாரி மாதிரி காற்றடைத்த டயர்களில் ஓடுகின்றன. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தட்டையான ஓடுபாதை இருக்கும், டயர் அதில் உருளும். இரு பக்கமும் உள்ள வழிகாட்டிச் சட்டங்கள் ரயிலைப் பாதை விலகாமல் பிடித்துக்கொள்ளும். பாரிஸின் 14-ம் தடத்துக்காக ஆல்ஸ்தோம் நிறுவனம் செய்த ரயிலின் வழியில்தான் லோசான் ரயிலும் செய்யப்பட்டது. பாரிஸில் ஆறு பெட்டி, இங்கே இரண்டே பெட்டி. நீளம் முப்பது மீட்டர், சுமார் 220 பேர் ஏறலாம். ஏற்றத்துக்காக எல்லா அச்சுகளையும் மோட்டார் சுற்றும்படி செய்தார்கள். பாரிஸில் ரப்பர் டயர் ஒரு வசதி. லோசானில் அது இல்லாமல் இந்தத் தடமே இல்லை.

கீழ்ப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் நடைமேடையே சாய்ந்திருக்கும். முதன்முறை இறங்குபவருக்குக் கால் கொஞ்சம் தடுமாறும். எல்லா நிலையங்களிலும் நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள் உண்டு. ரயில் வந்து நின்ற பிறகுதான் இரண்டு கதவுகளும் சேர்ந்து திறக்கும். ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கு முன்னால் யாரும் விழுந்துவிடாமல் காப்பவை அவை. ஓட்டுநர் அறை இல்லாததால் ரயிலின் முன்கண்ணாடி பயணிகளுக்கே. குழந்தைகள் அங்கே போய் நின்றுகொண்டு, சுரங்கம் மேல்நோக்கி வளைந்து எழுவதைப் பார்க்கலாம்.

கட்டுமானம் சுலபமாக நடக்கவில்லை. லோசானுக்கு அடியில் பெரும்பாலும் மணற்பாறை. ஆனால் பழைய பனியாறுகள் விட்டுப்போன, நீர் ஊறிய மண் பொதிந்த குழிகளும் இடையிடையே உண்டு. 2005 பிப்ரவரி 22 அன்று சாங்-லோரான் பகுதிக்கு அடியில் தோண்டும்போது அப்படி ஒரு குழி உடைந்தது. மண்ணும் நீரும் சுரங்கத்துக்குள் சரிய, மேலே கடைகள் இருந்த இடத்தில் நிலம் உள்வாங்கியது. யாருக்கும் காயம் இல்லை. நிலையம் சின்னதாக இருந்தாலும் நிலத்தடி வேலையின் ஆபத்து சின்னதாவதில்லை. 2006 ஜனவரியில், ஊர் இன்னும் கயிறு என்றே கூப்பிட்ட பழைய பல்சக்கர ரயில் கடைசியாக ஓடி நின்றது. 2008 அக்டோபர் 27 முதல் எம்2 பயணிகளை ஏற்றத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய முதல் மெட்ரோ அதுதான்.

அதோடு ஊரின் பேருந்துத் தடங்களையும் மாற்றி வரைந்தார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு கிலோமீட்டர் மெட்ரோ தனியாக எதையும் சாதிக்காது. முன்பு பேருந்துகள் எல்லாம் ஊர் நடுவுக்கு வந்து நெரிசலில் சிக்கும். மெட்ரோ மேல்-கீழ் வேலையைப் பார்த்துக்கொண்டதும், பேருந்துகள் பக்கவாட்டில் ஓடி ஆட்களை நிலையங்களில் கொண்டுவந்து சேர்த்தன. முதுகெலும்பு ஒன்று, விலா எலும்புகள் பல. ஃப்ளோனில் எம்1, எம்2 இரண்டோடு எஷலான் வழியாகப் பெர்ஷே போகும் சிற்றகல ரயிலும் வந்து சேர்கிறது. மேட்டில் பல்கலைக்கழக மருத்துவமனையின் வாசலிலேயே நிலையம். நோயாளியைப் பார்க்கப் போகும் முதியவர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் அங்கே இறங்கிவிடலாம். அதே ஏற்றத்தை நடந்து ஏறுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த மெட்ரோவின் அருமை புரியும்.

1877-ன் சுரங்கம்

கூட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சேர்ந்தது. முதலில் வாங்கிய 15 ரயில்களோடு பிறகு இன்னும் மூன்று சேர்த்தார்கள். அப்போதுதான் லைட் மெட்ரோவின் பலவீனம் வெளியே வந்தது.

கூட்டம் கூடினால் ஒரு நகரம் இரண்டு விதத்தில் சமாளிக்கலாம். ஒன்று, ரயிலை நீளமாக்குவது. முப்பது மீட்டர் நடைமேடையில் அது நடக்காது. பாறைக்குள் தோண்டிய நிலையத்தை நீட்டுவது, புதிதாகக் கட்டுவதற்குச் சமம். மிச்சமிருப்பது இன்னும் அடிக்கடி விடுவது. சின்ன ரயிலைத் தேர்ந்தெடுத்த அன்றே அந்த நகரம் இந்த ஒற்றை வழியில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது. அதனால்தான் லைட் மெட்ரோ திட்டம் எதைப் பார்த்தாலும், இன்று எத்தனை பேர் என்பதோடு, நெருக்கிவிட்டால் எத்தனை நிமிட இடைவெளிவரை போக முடியும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

லோசானில் அந்த இடைவெளியைத் தடுத்தது ஒரு பழைய சுரங்கம். கிரான்சி நிலையத்துக்கும் முக்கிய ரயில் நிலையத்துக்கும் நடுவே, பெரிய ரயில்களின் தண்டவாளங்களுக்கு அடியில், மெட்ரோ ஒற்றைத் தடத்தில்தான் போகிறது. கம்பிவடக் காலத்து வழி. சில நூறு மீட்டர்தான். ஆனால் கீழிருந்து ஒரு ரயில் ஏறி முடிக்கும்வரை மேலிருந்து வரும் ரயில் காத்திருக்க வேண்டும். ஊரின் குறுகிய பாலத்தில் எதிரே பேருந்து வந்தால் நாம் ஒதுங்கி நிற்பது போல. மீதி ஐந்தரை கிலோமீட்டரும் இரட்டைத் தடமாக இருந்தும், இந்தச் சின்ன இடுக்கின் வேகம்தான் முழுத் தடத்தின் வேகம்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த சமாளிப்பு கெட்டிக்காரத்தனமானது. நெருக்கடி நேரத்தில் எல்லா ரயிலையும் ஏரி வரை அனுப்புவதில்லை. கூட்டம் அதிகமான மேல்பகுதியில் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும். அவற்றில் ஒன்று விட்டு ஒன்று இடுக்கைத் தொடாமல் ரயில் நிலையத்திலேயே திரும்பி மேலே போய்விடும். மற்றவை மட்டும் ஊஷிக்கு இறங்கும். ஓட்டுநர் இடம் மாறி உட்கார வேண்டிய அவசியம் இல்லாததால் திரும்புவதற்கு நேரமும் அதிகம் ஆகாது.

நிரந்தரத் தீர்வாக, ரயில் நிலையத்தை ஒட்டி இரட்டைத் தடத்தில் புதிய சுரங்கம் தோண்டுவது திட்டம். அதோடு சேர்ந்தே எம்3 என்ற அடுத்த மெட்ரோவும் வரைபடத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஃப்ளோன் வழியாக ஊரின் வடமேற்கில் உள்ள ப்ளெஷ்ரெட் வரை, இதுவும் ஓட்டுநர் இல்லாமல். அங்கே பழைய நிலங்களில் புதிய குடியிருப்புகள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஃப்ளோனுக்கும் ரெனானுக்கும் இடையே தெருவோடு ஓடும் டிராம் தடம் ஒன்றையும் அமைக்கிறார்கள். 1964-ல் அனுப்பிவிட்ட டிராமை மறுபடி அழைத்து வருகிறார்கள். மேட்டுக்கு மெட்ரோ, சமதளத்துக்கு டிராம், மாணவர்களுக்கு எம்1 என்று ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற வண்டி.

லோசானுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் ஊஷியில் எம்2-வில் ஏறி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கிரான்சி தாண்டியதும் இரண்டு தடங்கள் சேர்ந்து ஒன்றாகும் இடத்தைக் கவனியுங்கள். நீங்கள் நுழைவது தண்ணீரின் பலத்தில் கம்பிவடம் பெட்டிகளை இழுத்த அதே வழி.